ஆறு வினாடிப் பேச்சு

"பஸ் வந்துடுச்சு, கீழ வாங்க."

பள்ளிப் பேருந்து உதவியாளரான அவள் போனில் பேசுவது அவ்வளவுதான். பதினொரு நிறுத்தம், முப்பத்தாறு வீடு, வீட்டுக்கு ஓர் அழைப்பு. முதலில் மிஸ்டு கால்தான் கொடுத்துப் பார்த்தாள். பாதிப் பேர் யார் என்று கேட்கத் திருப்பிக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளுக்கு அவள் பஸ் அக்கா.

பஸ் முதலாளிக்கோ வாயாடி. ஆபீஸ் கொடுத்த போனில் சொந்தக் கதை அளக்கிறாள் என்று இரண்டு மாதமாகச் சம்பளத்தில் பிடித்தார். மூன்றாம் மாதமும் பிடித்துவிட்டு, போன் பில்லை மேசைமேல் போட்டார்.

"தெனமும் காலையில முப்பத்தாறு நிமிஷம் யார்கூடம்மா பேசுற?"

"மாமியார்கூட இருக்காது சார், அவ்ளோ நேரம் தாங்காது" என்றார் பக்கத்தில் நின்ற டிரைவர் அண்ணன். அவள் சிரிக்கவில்லை. முதலாளி கேட்டது, திருடி என்று சொல்லாமல் சொன்ன பேச்சு.

ஆனால் ஆத்திரத்தையும் மீறி அந்த எண் அவளை உறுத்தியது. முதல் நிறுத்தம் ஏழு பத்து, கடைசி ஏழு முப்பத்தைந்து. இருபத்தைந்து நிமிடத்துக்குள் முப்பத்தாறு நிமிடம் எப்படி அடங்கும்?

பில்லை வாங்கிக்கொண்டு போய், காலிப் பேருந்தில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தாள். ஏழு பதினான்கு, ஒரு நிமிடம். அடுத்த வரியிலும் ஏழு பதினான்கு, ஒரு நிமிடம். அதற்கடுத்ததும் அதே. ஒரே நிமிடத்துக்குள் மூன்று நிமிடம் பேசியிருக்கிறாள், ஒரே வாயால்! இப்போதுதான் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை கடிகாரத்தைப் பார்த்தபடியே பேசினாள். ஓர் அழைப்புக்கு ஆறு வினாடி. மொத்தம் நான்கு நிமிடம்கூட இல்லை.

மதியம் போன் கம்பெனி அலுவலகத்துக்குப் போனாள். கவுண்டரில் இருந்த பெண் பில்லைப் பார்த்தாள்.

"இது நிமிஷக் கணக்குத் திட்டம்க்கா. ஒரு செகண்ட் பேசினாலும் முழு நிமிஷம்."

"அறுபத்தோரு செகண்ட் பேசினா?"

"ரெண்டு நிமிஷம்."

"பேசாத செகண்டுக்கு எதுக்கு காசு?"

அந்தப் பெண் கட்டண அட்டையைத் திருப்பிக் காட்டினாள். செகண்ட் கணக்குத் திட்டமும் உண்டாம். நீளமாகப் பேசுகிறவர்களுக்குத்தான் அதில் செலவு கொஞ்சம் கூடுமாம். இவளுடையதைப் போன்ற பேச்சுக்கு இப்போதைய செலவில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் வருமாம். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, யாரும் கேட்கவில்லை என்றாள்.

முதலாளிமுன் மூன்று வரிகளையும் விரல் வைத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டி இரண்டு முறை படித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இனிமேல் திட்டத்தை மாற்றிவிடலாம் என்றார்.

"இனிமே சரி சார். மூணு மாசம் பிடிச்சது?"

அவர் டிராயரைத் திறந்தார். அவள் நின்றபடியே எண்ணி வாங்கினாள்.

வெளியே, வாசலில் கூரியர்க்காரர் போனைக் காதில் வைத்து, "பார்சல் வந்திருக்கு, வெளிய வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். நடந்தவள் நின்றாள்.

"அண்ணே, உங்க பில்லை ஒருதடவை காட்டுறீங்களா?"