மான் கறி கொண்டுவருவதாக நான் சொன்ன வருஷம்

என் கணவருக்கு வலது தோள் இறுகிப்போன வருஷம்தான் அவர் வேட்டைக்குக் கிளம்பினார். வேறு நல்ல நேரம் கிடைக்கவில்லை அவருக்கு. எல்லாம் பக்கத்து வீட்டுக்காரரால் வந்தது. அவர் டெக்சஸிலேயே பிறந்து வளர்ந்தவர். ஃபிரிஸ்கோவில் நாங்கள் வீடு வாங்கிய வாரத்திலிருந்து சிநேகம். மேற்கே இரண்டரை மணி நேரத் தொலைவில் அவர்கள் குடும்பத்துக்கு நிலம் இருக்கிறது. நவம்பர் வந்தால் மான் வேட்டைக்குப் போய்விடுவார். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி இவரையும் கூப்பிட்டார். அன்பாகக் கூப்பிட்டால் மறுக்கத் தெரியாத மனிதர் இவர்.

பக்கத்து வீட்டுக்காரருடைய பெரிய ரைபிளை இவர் ஒரே ஒரு தடவை சுட்டுப் பார்த்தார். அது தோளில் இடித்த இடியில், இரண்டு நாள் தலைவாரக் கையைத் தூக்க முடியவில்லை. நான்தான் வாரிவிட்டேன். வாருவதற்கு அங்கே அதிகம் இல்லை என்பது வேறு விஷயம். பிசியோதெரபி செய்யும் பெண் கோபித்துக்கொண்டாள். ஆகவே உதைக்காத துப்பாக்கியாகத் தேடி, சின்னக் காலிபர் ரைபிள் ஒன்று வாங்கிவந்தார். அதன் தோட்டா கால் அங்குல அகலம்கூட இல்லை. இதனால் மானா சாகும், கொசு வேண்டுமானால் சாகும் என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக. இவ்வளவு சின்ன ரைபிளால் மானைச் சுடுவதை டெக்சஸில் சட்டம் தடுக்காதாம். ஆனால் இளவயதில் அவர் இப்படி ஒரு சின்ன ரைபிளால் ஒரு மானைச் சுட்டிருக்கிறார். பட்டது, விழவில்லை. புதருக்குள் ஓடிவிட்டது. மறுநாள் சாயங்காலம்வரை தேடியும் கிடைக்கவில்லை. எங்கோ கிடந்து மெதுவாகச் செத்திருக்கும் என்று சொன்னபோது அவர் குரல் இறங்கிவிட்டது. இவ்வளவு வருஷம் கழித்தும் அந்த மனிதருக்கு அது ஆறவில்லை.

என் கணவர் பொறியாளர். யார் எதைச் சொன்னாலும், "டெஸ்ட் பண்ணாம எப்படித் தெரியும்?" என்பார். இதற்கும் அதையே சொன்னார். ஒரு சனிக்கிழமை ஹலால் கடைக்குக் கூட்டிப்போனார். ஆட்டின் முன்னங்கால் ஒன்று, தோளோடு சேர்த்து முழுசாக. விலா ஒரு பக்கம், அதுவும் முழுசாக. கறி பீஸா, பிரியாணி பீஸா என்று கடைக்காரர் வழக்கம்போலக் கேட்டார். வெட்டவே வேண்டாம் என்றதும் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார். வீட்டில் நல்லி எலும்பு எனக்கு என்று அடுப்படியில் வந்து சொல்லிவைத்துவிட்டுப் போகிற ஆள், அவ்வளவு நல்ல கறியைச் சுட்டு வீணாக்கப் போகிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது.

பக்கத்து வீட்டுக்காரரின் நிலத்தில், மண்மேட்டுக்கு முன்னால் இரண்டையும் தொங்கவிட்டார். தோலுக்குப் பதிலாகத் தன் பழைய ஆபீஸ் டீ-ஷர்ட்டைச் சுற்றினார். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நூறு கஜத்திலிருந்து சுட்டார்கள். விலாவைத் தோட்டா துளைத்துக்கொண்டு போயிருந்தது. தோளில் அது எலும்பில் பட்டுச் சிதறி, சதைக்குள்ளேயே நின்றுவிட்டது. டீ-ஷர்ட்டை அவிழ்த்துப் பார்த்தபோது யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கே இருவரும் பேசி முடிவுசெய்தார்கள். நூறு கஜத்துக்குள் இருக்க வேண்டும். மான் அசையாமல் நிற்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பி, தோளுக்குப் பின்னால் உள்ள விலா தெரிய வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் சுடக் கூடாது. என் கணவர் இதை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினார். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் நானும் படித்தேன். வாராவாரம் துப்பாக்கி பழகும் இடத்துக்குப் போய், நூறு கஜத்தில் டம்ளர் மூடி அளவு வட்டத்துக்குள் ஐந்து தோட்டாவையும் போடுகிற அளவுக்கு வந்துவிட்டார்.

இதற்கிடையில் நான் செய்த காரியம் ஒன்று உண்டு. எங்கள் சர்ச் தமிழ் ஐக்கியத்தின் வாட்ஸாப் குழுவில் கிறிஸ்மஸ் விருந்துக்குப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் கேசரி, ஒருவர் தயிர் சாதம். வருஷாவருஷம் தன் பிரியாணியால் என் குழம்பை ஓரங்கட்டிவிடும் ஆன்ட்டி ஒருவர், வழக்கம்போல பிரியாணி என்று போட்டார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "மான் கறிக் குழம்பு, எங்கள் வீட்டிலிருந்து" என்று தட்டிவிட்டேன். வேட்டைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. குழுவே அதிர்ந்தது. நிஜமாகவா என்று ஆன்ட்டி தனியாகக் கேட்டார். நிஜமாக என்றேன்.

வேட்டைக்கு நானும் போனேன். ப்ளைண்ட் என்று இங்கே சொல்லும் மரப்பெட்டிக்குள், விடியும் நேரத்தில், போர்வையைச் சுற்றிக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் ஒரு கலைமான் வந்தது. தூரம் சரியாக இருந்தது. அசையாமல் நின்றது. ஆனால் எங்களைப் பார்த்துச் சாய்வாக நின்றது. விலா தெரியவில்லை. இவர் துப்பாக்கியைத் தூக்கிக் குறி பார்த்தபடியே இருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் குழம்புதான்.

"சுடுங்க" என்று காதோரம் சொன்னேன்.

"தோள் எலும்பு குறுக்க இருக்கு. பட்டா விழாது, ஓடிரும்."

"கொஞ்சம் தள்ளிச் சுடுங்களேன். லிஸ்ட்ல போட்டாச்சு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை. தவறிச் சுடாமல் இருக்கத் துப்பாக்கியின் பூட்டை மெதுவாகப் போட்டுவிட்டுச் சொன்னார்: "லிஸ்ட்ல போட்டது நாமதானே. அந்த மானுக்கு என்ன தெரியும்?"

மான் இன்னும் சற்று நேரம் நின்றது. அவர் காத்திருந்தார், அது திரும்பவே இல்லை. அப்படியே மரங்களுக்குள் போய்விட்டது. சாயங்காலம்வரை உட்கார்ந்தோம், வேறு எதுவும் வரவில்லை. வண்டியில் திரும்பும்போது அவர் பழைய பாட்டு போட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஃப்ரிட்ஜில் இருந்ததை நானும் தினம் படித்தவள்தானே.

விருந்துக்கு மட்டன் குழம்புதான் கொண்டுபோனேன். மூடியைத் திறந்த உடனே ஆன்ட்டி, மான் எங்கே என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"மிஸ் பண்ணிட்டேன் ஆன்ட்டி."

எல்லோரும் சிரித்தார்கள். உங்களுக்கு எதற்கு இந்த வேலை, கீபோர்டைத் தட்டுகிற கைக்குத் துப்பாக்கி பிடிபடுமா என்று ஆண்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இவரும் கூடவே சிரித்துக்கொண்டு தட்டில் சோறு போட்டுக்கொண்டார். என்னை யாரும் ஒன்றும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. டம்ளர் மூடிக்குள் ஐந்தையும் போடுகிற மனிதர்.

"அவர் மிஸ் பண்ணல ஆன்ட்டி" என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. "சுடவே இல்ல. சுட்டா அது துடிச்சுச் சாகும்னு விட்டுட்டார். சுடுங்க சுடுங்கன்னு சொன்னது நான்தான்."

பிறகு ஆன்ட்டி, குழம்பு நல்லாத்தான் இருக்கு என்று சொல்லி இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். இவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன் தட்டிலிருந்த நல்லி எலும்பை எடுத்து என் தட்டில் வைத்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அது முதல் தடவை. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.