ஓரிக்கையில் வெட்டுப்பட்ட கிலுகிலுப்பை

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில் எங்கள் பேருந்துக்கு டயர் மாற்றுகிறார்கள். நான் பாலாற்றுக் கரையில் நிற்கிறேன். கீழே ஒருவர் புல் வெட்டும் இயந்திரத்தால் புதர்களைச் சாய்த்துக்கொண்டு வருகிறார். சாலையில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஒரு பெண் கத்திக்கொண்டே ஓடுகிறாள்.

"நிறுத்துங்கண்ணா! அது நாங்க வச்ச செடி!"

இயந்திரம் நிற்கிறது. அதற்குள் மஞ்சளாகப் பூத்திருந்த கிலுகிலுப்பைச் செடிகளில் பாதி விழுந்துவிட்டது.

"கரைய சுத்தம் பண்ணச் சொன்னாங்கமா. களைன்னு நெனச்சிக்கினேன்" என்கிறார் அவர். முகம் வாடிவிட்டது.

நானும் இறங்கிப் போய் விசாரிக்கிறேன். அவள் பெயர் பர்வீன். காஞ்சிபுரத்தில் ஜரிகைக் கடையில் வேலை. மழைக்காலத்தையொட்டி மலை விட்டு மலை போகும் நீல வரியன் பட்டாம்பூச்சிகள் வழியில் இறங்குவதற்காக, தோழிகளோடு சேர்ந்து இந்தச் செடிகளை வளர்த்திருக்கிறாள்.

"முன்னெல்லாம் கூட்டங்கூட்டமா போவுமாம். போன வருஷம் நாலஞ்சுதான் பார்த்தோம்" என்கிறாள் என்னிடம்.

"இனி வருமா?"

"தெரியலைங்க."

இயந்திரக்காரர் வெட்டியதை அள்ளக் குனிகிறார்.

"வேணாண்ணா, அப்படியே கெடக்கட்டும். வாடின தண்டுலயும் வந்து சாறு உறிஞ்சும்."

மூவரும் காத்திருக்கிறோம். வெகுநேரம் கழித்து ஆற்றுப் பக்கமிருந்து ஒன்றே ஒன்று வருகிறது. கறுப்புச் சிறகில் வெளிர்நீலக் கோடுகள். வெட்டுப்பட்ட தண்டில் உட்கார்ந்து உறிஞ்சத் தொடங்குகிறது.

"எவ்ளோ நேரம் இருக்கும்மா?" என்று அவர் கிசுகிசுக்கிறார்.

"வயிறு ரொம்பற வரைக்கும்ணா."

கண்டக்டர் விசில் அடிக்கிறார். படியில் ஏறித் திரும்பிப் பார்க்கிறேன். புல் வெட்டியவர் இயந்திரத்தைச் சத்தமில்லாமல் தரையில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்கிறார்.