கேஸுக்குப் போகிறவள்

நர்ஸ் படிப்பில் என் வாயில் முதலில் நின்ற இங்கிலீஷ் வார்த்தை கேஸ். மிஷன் ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பாடம் எடுத்த சிஸ்டர், வார்டில் யாருடைய பேரையும் உரக்கச் சொல்லக் கூடாது என்பார். கட்டிலில் கிடப்பவள் யாருக்கோ மகள், யாருக்கோ பெண்டாட்டி. அவள் கதை வெளியே போகக் கூடாது. அதனால் அவள் டெலிவரி கேஸ். பக்கத்துக் கட்டில் காய்ச்சல் கேஸ். அந்த வார்த்தையில் ஒரு மரியாதை இருப்பதாக எனக்குப் பட்டது. திருப்புட்குழிக்கு அந்தப் பக்கம், அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவளின் மகள் நான். என் அம்மாவை ஊரில் கூப்பிட்ட எந்த வார்த்தையிலும் மரியாதை இருந்ததில்லை.

அறுபதுகளின் கடைசியில் பிள்ளையார்பாளையத்தில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. வீடுகளுக்குப் போய்ப் பிரசவம் பார்ப்பதும் என் பொறுப்பு. ஒரு பழைய லேடீஸ் சைக்கிள், கேரியரில் தோல் பை. காலை நேரத்தில் நெசவாளர்கள் தெருநீளத்துக்கு நூல் பாவு விரித்து இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஓரமாக ஓர் ஆள் போகத்தான் இடம் இருக்கும். நான் மணியடித்துக்கொண்டே, “கேஸ் இருக்குது, கொஞ்சம் வழி விடுங்கபா” என்று குரல் கொடுப்பேன். ஒதுங்குவார்கள். சிரிப்பார்கள். சைக்கிள் ஓட்டும் பொம்பளையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

தெருமுனையில் ஒரு டீக்கடை. கடைக்காரரின் மூத்த பிள்ளையை நான்தான் எடுத்தேன். இரண்டு நாள் வலிக்குப் பிறகு பிறந்த பிள்ளை. அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் விசாரிப்பார்.

“இன்னா நர்ஸம்மா, இன்னைக்கு எத்தினி கேஸு?”

“ரெண்டுங்க.”

“பகல்லயா, ராத்திரியிலயா?”

“ராத்திரி ஒண்ணு, விடியக்காலம் ஒண்ணு.”

பெஞ்சில் இருக்கும் வாலிபர்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். “உடம்பு தாங்குதாமா?” என்று ஒருத்தன் கேட்பான். “பழகிப்போச்சுபா” என்பேன். அக்கறையாகக் கேட்கிறார்கள் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருக்கும். வீடுகளில் பிரசவம் முடிந்து நான் வாசல் தாண்டியதும் நான் நின்ற இடத்தில் சாணி கரைத்துத் தெளிப்பவர்கள் உண்டு. இவர்கள் என்னோடு பேசவாவது பேசுகிறார்களே என்றிருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று. எனக்கு வாடகைக்கு அறை கொடுத்திருந்த அம்மாவுக்கு அந்தச் சிரிப்பின் காரணம் தெரியும். ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிறவளுக்கும் தெரியும். ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை.

வைகாசியில் கருட சேவைக்கு ஊர் கொள்ளாத கூட்டம். அன்று மத்தியானம் பெஞ்சு வாலிபர்களில் ஒருத்தன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று மூச்சு வாங்கினான். “நர்ஸம்மா, லாட்ஜுல ஒரு கேஸு. வெளியூர் ஆளுங்கோ. சீக்கிரம் போங்க.” மாடியில் எந்த அறை என்றும் சொன்னான். கூட்டத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

கதவைத் திறந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். குளித்துவிட்டு வேட்டியோடு நின்றார், நெற்றியில் நாமம் இன்னும் காயவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். கட்டிலில் யாரும் இல்லை.

“கேஸ் எங்கேங்க?”

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “நீதானே?” என்றார். கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

“நான் நர்ஸுங்க. பிரசவம்னு சொல்லி அனுப்பிச்சாங்க.”

“நீ எந்த வேஷத்துல வந்தா எனக்கென்ன?” என்று மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுகியது. மற்றொரு கையிலிருந்த பையால் அவர் முகத்தில் அடித்தேன். உள்ளே இருந்த எனாமல் தட்டு மூக்கில் பட்டிருக்க வேண்டும், அவர் குனிந்தார். தாழைத் திறந்துகொண்டு ஓடினேன். கீழே மேஜையில் இருந்த லாட்ஜ் ஆள் தலையைத் தூக்கி, “அதுக்குள்ளயேவா?” என்றான்.

நேரே டீக்கடைக்குப் போனேன். என்னை லாட்ஜுக்கு அனுப்பியவனைக் காணோம். மற்றவர்கள் பெஞ்சில் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர்தான் பேசினார்.

“நெஜமாவே உங்களுக்குத் தெரியாதா நர்ஸம்மா? லாட்ஜுக்கு வந்து போறவளுங்கள கேஸுன்னுதான் சொல்லுவோம்.”

“ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா?”

“நாங்க இன்னாமா பண்ணோம்? நீங்கதான் தெருவெல்லாம் கூவிக்கினு போனீங்க. இங்கிலீஷ் வார்த்தைதானே, ரெண்டு அர்த்தம் இருக்குது.”

அதைச் சொல்லிவிட்டு டீயை ஆற்றினார். அப்படியே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், “ஒரு கேஸ் குடுக்கணும்” என்றேன். நடந்ததைச் சொன்னேன். அங்கே எழுதிக்கொண்டிருந்தவர் முழுவதையும் கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கண்ணடித்தார். “கேஸ் குடுக்க வந்தியா, இல்ல கேஸே நீதானா?” என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் வெளியே வந்துவிட்டேன். சைக்கிள் லாட்ஜ் வாசலிலேயே நின்றது. அன்றைக்கு அதை எடுக்கப் போக என்னால் முடியவில்லை.

மறுநாள் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா என் மணிக்கட்டில் இருந்த தடத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. “இனிமே லாட்ஜ், சத்திரம் எங்கேயும் போகாதே. யாரா இருந்தாலும் இங்கே கொண்டுவரச் சொல்லு. இது என் ஆர்டர்” என்றார்.

தேர் அன்று காலையில் ஒரு பெரியவர் ஓடி வந்தார். பாலாற்றுக்கு அந்தக் கரையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த விவசாயி. முழங்கால் வரை புழுதி. “சத்திரத்துல எம் மருமவ துடிக்கிறாமா. தண்ணிக்குடம் ஒடஞ்சு போச்சு. கொஞ்சம் வாம்மா.”

பையில் கை வைத்துவிட்டேன். டாக்டரம்மா, “வேண்டாம், ரிக்‌ஷா அனுப்பு” என்றார். அனுப்பினோம். தேர் நிலையை விட்டுக் கிளம்பியிருந்தது, தெருவெல்லாம் தலை. வடம் பிடிப்பவர்களின் சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஆஸ்பத்திரி வாசலுக்கும் உள்ளுக்குமாக நான் நடந்துகொண்டே இருந்தேன்.

ரிக்‌ஷா வந்தபோது பிள்ளை பிறந்திருந்தது. மாமியார் தன் முந்தானையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியபடியே இருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் எடுத்தேன். ஊதிப் பார்த்தேன், முதுகில் தட்டினேன், தலைகீழாகப் பிடித்தேன். பிள்ளை அழவில்லை. படுத்திருந்த பெண் ஒன்றே ஒன்று கேட்டாள், “ஆம்பளயா, பொம்பளயா?” பொம்பளப் பிள்ளை என்றேன்.

சாயங்காலம் டீக்கடையைத் தாண்டும்போது கடைக்காரர் கூப்பிட்டார். செய்தி அதற்குள் வந்திருந்தது. “கூப்ட்டா போயிருக்கலாமே நர்ஸம்மா. பச்ச உசுரு.” கிண்டல் இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார், கண்கூடக் கலங்கியிருந்தது. பெஞ்சில் இருந்தவர்களும் உச்சுக்கொட்டினார்கள். லாட்ஜுக்கு என்னைக் கூப்பிட வந்தவனும் அன்று அவர்களோடு உட்கார்ந்திருந்தான்.

“கூப்பிட்டீங்களே, போனேனே” என்றேன்.

கடைக்காரர் அடுப்பைக் கவனிக்கத் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பெண்ணைச் சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகி, காய்ச்சல் வந்துவிட்டது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, பிழிந்துவிடக் கற்றுக்கொடுத்தேன். ஊருக்குப் போகிற அன்று பஸ் ஏற்றிவிட நானே கூடப் போனேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு கிழவி, யார் இந்தப் பொண்ணு என்று மாமியாரிடம் கேட்டாள்.

“நர்ஸு” என்றாள் மாமியார், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. “கூப்ட்டும் வரலியே, அந்த நர்ஸு.”

மருமகள் என் கையை விட்டாள்.