தொப்பி தூக்கும் உரிமை

என் அக்கா புருஷன் பூட்டு ரிப்பேர்காரர். "சாவி தொலைஞ்சுபோச்சு, வந்து திறந்து குடுங்க" என்று யார் வந்து நின்றாலும், "உங்க வீடுதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் கருவிப் பையைத் தொடுவார். தொழிலுக்கு அது நல்ல குணம்தான், ஒத்துக்கொள்கிறேன். கடையைச் சாத்திய பிறகும் அதைக் கழற்றி வைக்கத் தெரியாத மனுஷன் அவர். எதிர்வீட்டுக்காரர் சிரித்தால், "நேத்து சிரிக்கலையே, இன்னைக்கு ஏன் சிரிக்கறான்?" என்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். மாமாவுக்குப் பட்டப்பகலிலும் பேய்தான்.

மகளை மட்டும் நம்புவார். என் மருமகளுக்குப் பதிமூன்று வயது, எங்கள் நீச்சல் கிளப்பில் இளையோர் பிரிவு. நானும் அங்கே உறுப்பினன். கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளுக்கு ஓட்டு கிடையாது. அப்பாவோ அம்மாவோ பிள்ளையின் நீச்சல் தொப்பியைக் கையில் பிடித்துத் தூக்கினால் அது பிள்ளையின் ஓட்டு. கூட்டம் முடியும்வரை பிள்ளைகள் உடை மாற்றும் அறையில் காத்திருக்க வேண்டும்.

இந்த வருஷம் பெரியவர்கள் சிலர் மாலை நேரத்துக் குளம் தங்களுக்கு மட்டும் வேண்டும் என்று கிளம்பினார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு அதை விட்டால் வேறு நேரம் இல்லை. அவர்களின் பெற்றோரில் பாதிப் பேர் கூட்டத்துக்கே வருவதில்லை. அதனால் பிள்ளைகளே செயலாளரிடம் போய், பன்னிரண்டு வயதானவர்கள் தாங்களே ஓட்டுப் போட வேண்டும் என்று கேட்டார்கள். அவரும் அதையே முதல் தீர்மானமாக வைத்தார். அது ஜெயித்தால் அன்றைக்கே பிள்ளைகள் உள்ளே வந்து, மாலைக் குளத்துக்காகத் தாங்களே கை தூக்கலாம்.

"அப்பா, எனக்காகத் தூக்குவல்ல?" என்று மருமகள் தொப்பியைக் கொடுத்தாள்.

"தூக்கறேன்டா கண்ணு."

கூட்ட அறையில் செயலாளர் தானே எழுந்து வந்து மாமாவுக்கு டீ கொடுத்தார். அந்த டீதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"மச்சான், இவன் எதுக்கு எனக்கு டீ குடுக்கறான்?"

"எல்லாருக்கும்தான் குடுக்கறாரு மாமா."

"எனக்குச் சக்கரை போதுமான்னு கேட்டான். உன்னக் கேட்டானா?"

என்னைக் கேட்கவில்லைதான்.

"பசங்க குரலும் நமக்குக் கேக்கணும்," என்று செயலாளர் பேசத் தொடங்கியதும் மாமா என் பக்கம் சாய்ந்தார். "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுவுது பாத்தியா? பொடிசுங்கள ஒரு ஐஸ்கிரீம்ல கவுத்துடலாம். அப்புறம் ஆயுசுக்கும் இவன்தான் செயலாளர்."

"மாமா, புள்ள கேட்டிருக்கா."

"புள்ளைக்கு என்ன தெரியும்?"

ஆதரிப்பவர்கள் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். மருமகளின் தொப்பி மாமாவின் மடியிலேயே கிடந்தது. எதிர்ப்பவர்கள் என்றதும் அது விறுக்கென்று மேலே போனது. ஒரே ஒரு ஓட்டில் தீர்மானம் தோற்றது. செயலாளரின் முகம் தொங்கிப்போனது. பாவம், அந்த மனுஷன் நிஜமாகவே பிள்ளைகளுக்காகத்தான் பேசியிருக்கிறார். அடுத்து மாலைக் குளமும் பெரியவர்களுக்கே போனது. அதை எதிர்த்து மாமா தொப்பியைத் தூக்கினார், தூக்கி என்ன பிரயோஜனம்? மிச்சமிருந்த டீயை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று எனக்குத் தோன்றியது.

வெளியே மருமகள் அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு ஓட்டாமேப்பா. யார் யார் வீட்ல சரின்னாங்கன்னு நாங்க எண்ணி வெச்சிருந்தோம், ஜெயிச்சிருக்கணும். யாரோ ஒருத்தர் சொந்தப் புள்ளைக்கிட்ட சரின்னு சொல்லிட்டு, உள்ள வந்து மாத்திப் போட்டிருக்காங்க."

மாமா தொப்பியைச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"நீ சொல்லுப்பா. ஆளப் பாத்தாலே உனக்குத் தெரிஞ்சுடுமே. உனக்கு யாரு மேல சந்தேகம்?"

மாமா என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

"தெரியலம்மா," என்றார்.

அவள் நம்பிவிட்டாள்.