முதலாம் இடத்தில் ஆளில்லை

"…அப்ப நீங்க பாக்கலைங்கிறதுக்காக அவன் ஓடலைன்னு ஆயிருமா, சேர்?"

என் மகள் சுகந்தி இதைச் சிங்களத்தில்தான் கேட்டாள். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். இரத்தினபுரி மைதானத்தில், நடுவர்களின் மேசைக்கு முன்னால், ரதி வேஷத்தோடு நின்று கேட்டாள். நெற்றிச்சுட்டி ஒரு பக்கம் சரிந்து கிடந்தது, முழங்கால் வரைக்கும் சேறு. எதிரில் இருந்த தலைமை நடுவர் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உயர்தர வகுப்புப் பிள்ளை, தோட்டப் பக்கத்துப் பள்ளிக்கூடம், அந்தச் சபைக்கு முன்னால் ஒரு சொல் தடுக்காமல் பேசுகிறாள். நடந்ததற்கு நான் பயந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததென்னவோ பெருமைதான், என்ன செய்ய.

இதைச் சொல்ல வருகிற நான் யாரென்றும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சாமியாடி வீட்டுப் பொம்பிளை என்று நினைத்துவிடுவீர்கள். நான் கஹவத்தை கடைத்தெருவில் தையற்கடை வைத்திருப்பவள். பேய், அருள், குறி, எதையும் நம்பியதில்லை. அளவு நாடாவில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான் எனக்கு உலகம். பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் சொல்வார், "முன்னால சாமியே வந்தாக்கூட அக்கா இடுப்பளவு எடுத்துட்டுத்தான் கும்புடும்" என்று. நான் அப்படிப்பட்ட ஆள்தான். இப்போதும் அப்படித்தான், அந்த ஒரு நாளைத் தவிர.

எங்கள் மகா வித்தியாலயம் முதலாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரைக்கும் உள்ள பெரிய பள்ளிக்கூடம். ஓப்பநாயக்கவிலிருந்தும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள். கணக்கில் கெட்டி, நாடகத்தில் கெட்டி. ஓட்டத்தில் மட்டும் எங்களுக்கு ஒரு பெயர் வரவில்லை, யோகராஜ் வரும் வரைக்கும். ரப்பர் தோட்டத்து மேல் டிவிசனில் லயத்து வரிசை வீட்டுப் பையன், என் மகளின் வகுப்பு. அங்கிருந்து பெரிய ரோட்டுக்கு ஓடிவந்து பஸ் பிடிப்பான். பஸ் போய்விட்டால் அடுத்த நிறுத்தத்துக்கு அதற்கு முன்னால் போய் நிற்பான். கண்டக்டர் சொன்ன பேச்சு எங்கள் ஊரில் இன்னமும் உண்டு: "இவன் நேரத்துக்குப் போகணும்னு ஏறலைங்க, பஸ்ஸு மேல பரிதாபப்பட்டு ஏறுறான்."

இரத்தினபுரியில் பெரிய வெள்ளம் வந்து போன வருடம் அது. மைதானத்துச் சுவரில் சேற்றுக் கோடு அப்படியே இருந்தது. எங்கள் கெட்ட காலமோ என்னவோ, நாடகப் போட்டியையும் ஓட்டப் போட்டியையும் ஒரே நாளில் வைத்துவிட்டார்கள். காலையில் மண்டபத்தில் நாடகம், அது முடிகிற நேரத்துக்குப் பக்கத்து மைதானத்தில் ஆயிரத்தைந்நூறு மீற்றர். இரண்டுக்கும் எங்களிடம் இருந்தது ஒரே யோகராஜ். ஓட்டத்தில் முதலாவது வருகிற ஒருவனுக்குத்தான் கொழும்புக்குப் போக இடம். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து அதுவரை ஒரு பிள்ளையும் அந்தக் கொழும்பு மைதானத்தில் கால் வைத்ததில்லை.

நாடகம் காமன் கூத்து. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மதனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரித்துவிடுவார், ரதி அழுது புலம்புவாள், சிவன் மனமிரங்கி மதனை எழுப்பிக் கொடுப்பார், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான் என்று சொல்லிவிடுவார். தோட்டத்தில் இதை விடிய விடிய ஆடுவார்கள். வேஷம் போடுகிறவனுக்கு மணிக்கட்டில் மஞ்சள் நூலால் காப்புக் கட்டுவார்கள். கூத்து முடிந்து அதை அவிழ்க்கிற வரைக்கும் அவன் மதன்தான், வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார்கள். யோகராஜின் அப்பா பெருமாள் அண்ணன் அந்தத் தோட்டத்துக் கூத்து வாத்தியார். நாடகம் பழக்கிய கமலநாதன் சேர் ராக்கூத்தைக் கால் மணி நேரத்துக்குச் சுருக்கியபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கால் மணி நேரத்துல மதன் எரியவே பத்தாதே சேர். சிவன் கண்ண தொறக்கிறதா வேணாமான்னு யோசிக்கவே அவ்வளவு நேரம் ஆகுமே."

"இது பள்ளிக்கூட நாடகம் அண்ணே. நடிப்புத்தான்."

"நடிப்புன்னா காப்பு எதுக்கு? காப்பு இல்லாம எம்மவன் மதன் வேஷம் கட்ட மாட்டான். கட்டினா மேடையிலேயே அவுத்துறணும். அத மட்டும் சுருக்கிறாதீங்க."

சரி என்றார் சேர். கடைசிக் காட்சியாகக் காப்பு அவிழ்ப்பதை வைத்தார். அதுவும் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

உடுப்பு முழுவதும் என் கைவேலை. ரதிக்குச் சிவப்புச் சேலை, மதனுக்கு ஜரிகை வைத்த மார்ச்சட்டையும் பச்சை வேட்டியும்; ரோஸ் அரிதாரம் அவன் முகத்துக்கு மட்டும்தான். உள்ளே ஓட்டக் காற்சட்டையையும் பனியனையும் போட்டுக்கொண்டு ஆடுவான்; மேலே இருக்கிற வேஷம் மொத்தமும் முதுகில் ஒரே முடிச்சில் நிற்கும்; அந்த முடிச்சை இழுத்தால் எல்லாம் ஒன்றாகக் கழன்று விழும். இப்படித் தைக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே யோசித்தேன். அன்றைக்கு என் வேலையில் பிழையே இல்லை என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன்.

நாடகம் நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். மண்டபத்தில் ஒரு இருமல் கேட்கவில்லை. சுகந்தி புலம்பினாள் பாருங்கள், பெற்ற எனக்கே அது என் பிள்ளைதானா என்று ஆகிவிட்டது. சனம் கைதட்டித் தட்டி நேரம் போயிற்று. சிவன் வேஷக்காரப் பையன் கையைத் தூக்கி, "உன் கண்ணுக்கு மட்டும் தெரிவான் பெண்ணே" என்று சொல்லி முடிக்க, டிங் என்று நேர மணி அடித்தது. அடித்த கையோடு திரையை இழுத்துவிட்டார்கள். காப்பு அவிழ்க்கிற காட்சி திரைக்கு உள்ளே நின்றுவிட்டது.

பெருமாள் அண்ணன் கீழே முன்வரிசையில் இருந்தார், கூட்டத்தைத் தாண்டி மேடைக்கு வர முடியவில்லை. கமலநாதன் சேர் மணிக்காரரோடு சண்டைக்குப் போய்விட்டார். மைதானத்து ஒலிபெருக்கி ஆயிரத்தைந்நூறு மீற்றருக்குக் கடைசி அழைப்பு விடுகிறது. நான் மேடைக்குப் பின்னால் நின்று, "ஓடு மகன், ஓடு" என்று கத்திக்கொண்டே முடிச்சை இழுத்தேன். மார்ச்சட்டையும் வேட்டியும் பொத்தென்று தரையில் விழுந்தன. விழுந்ததைப் பார்த்தேன். அதற்குள்ளிருந்து ஆள் போனதை நான் பார்க்கவில்லை.

அந்த நேரம் அது பெரிதாகத் தோன்றவில்லை. வேகமான பிள்ளை, போய்விட்டான் என்றுதான் நினைத்தேன்.

உடுப்பை அள்ளிக்கொண்டு நான் மைதானத்துக்குப் போனபோது வெள்ளைக் கோட்டில் பையன்கள் நிற்கிறார்கள். எங்கள் நீலப் பனியன் இல்லை. மயங்கி விழுந்தானோ, கூச்சத்தில் எங்கேயாவது ஒளிந்துகொண்டானோ? பெயர் கூப்பிட்டவரிடம் பிறகு கேட்டோம். யோகராஜ் என்றதும் "இருக்கேன் சேர்" என்று குரல் வந்ததாம், குனிந்து எழுதிக்கொண்டிருந்ததால் முகத்தைப் பார்க்கவில்லையாம். துவக்கு வெடித்தது, ஓடினார்கள். வேறு பள்ளிக்கூடப் பையன்கள் ஓடினார்கள், எங்கள் ஆளைக் காணோம்.

ஆனால் சுகந்தி ஓடிக்கொண்டிருந்தாள். கயிற்றுக்கு வெளியே, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "விடாத யோகா! உள்பக்கம் வா! உள்பக்கம்!" என்று கத்தியபடி. அவள் கண் போன இடத்தில் வெறும் புல்தான் இருந்தது. சனம் சிரிக்கத் தொடங்கியது.

"ஏய் ரதி, மதன் எங்கடி?"

"எரிஞ்சு போனான்ல, சாம்பல்தான் ஓடுது!"

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே சிரித்தார்கள். நான் வெட்கத்தில் உடுப்பு மூட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கடைசிச் சுற்று என்று மணி கேட்டதும் தலையைத் தூக்கினேன். உயரமான சிங்களப் பையன் ஒருவன், பெரிய பள்ளிக்கூடத்து ஆள், எல்லோரையும் விட்டுப் பிரிந்து முன்னால் வந்துகொண்டிருந்தான். முடிகிற இடத்தில் இரண்டு பிள்ளைகள் நாடாவைப் பிடித்திருந்தார்கள். அந்தப் பையன் வந்து சேர இன்னும் நல்ல தூரம் இருந்தது. நாடா உள்ளே இழுபட்டது. இழுபட்டு, அவர்கள் கையை விட்டுப் போய், கொஞ்சத் தூரம் மிதந்து, பிறகு கீழே விழுந்தது. காற்று என்பீர்கள். என் கையில் ஜரிகை மூட்டை இருந்தது, ஒரு இழைகூட ஆடவில்லை. நாடா பிடித்த பிள்ளை உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே நின்றது. முதலாம் இடத்துக்கு நேரம் எடுக்கிறவர் கடிகாரத்தைப் பார்த்து முழிக்கிறார். அதை அவரே அமுக்கியிருந்தார், ஏன் அமுக்கினேன் என்று அவருக்கே தெரியவில்லை.

மேசையைச் சுற்றி ஒரே சத்தம். நாடா அறுந்துபோனது என்றார் ஒருவர், திரும்ப ஓட வேண்டும் என்றார் இன்னொருவர். எங்கள் பள்ளிக்கூடம் வரவேயில்லை, பெயரை வெட்டுங்கள் என்றும் ஒரு குரல். அப்போதுதான் சுகந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். யோகராஜ்தான் முதலாவது என்றாள். நாங்கள் யாரும் பார்க்கவில்லையே நங்கி என்றார் தலைமை நடுவர், தங்கச்சி என்று. அதற்குத்தான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அவள் உடனே என்ன செய்தாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெருமாள் அண்ணன் மூச்சு வாங்க ஓடி வந்தார். வந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: "தங்கச்சி, காப்ப அவுத்தாச்சா?" இல்லை என்று தலையாட்டினேன். அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. சுகந்தியிடம் போனார். "எங்க நிக்கிறான்?" என்று மெல்லக் கேட்டார், கடையில் சாமான் விலை கேட்கிற மாதிரி. "இந்தா, எங்கூடத்தான் மாமா" என்றாள் அவள். இரண்டு பேருமாகத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் சுவருக்குப் பின்னால் போனார்கள். திரும்பி வரும்போது மூன்று பேராக வந்தார்கள். யோகராஜின் மணிக்கட்டில் நூல் இல்லை. நீலப் பனியன் தொப்பலாக நனைந்திருந்தது.

இவன் இப்போதுதான் வருகிறான், குழாயில் நனைத்துக்கொண்டு வருகிறான் என்று சத்தம் போட்டார்கள். அப்போது அந்த உயரமான சிங்களப் பையன் புல்லில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வந்தான். அவனுக்குத்தான் முதலாம் இடம் போகவிருந்தது, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எனக்கு முன்னால ஒருத்தர் ஓடினாரு சேர்" என்றான். "ஆள தெரியல. மூச்சு கேட்டுச்சு. கடைசி வரைக்கும் என்னால அந்த மூச்ச பிடிக்க முடியல."

"எத்தத?" என்று கேட்டார் தலைமை நடுவர், நிஜமாகவா என்று.

"எத்த சேர்."

தலைமை நடுவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அமுக்கிய கடிகாரம் இருக்கிறது, இழுபட்ட நாடா இருக்கிறது, தோற்றவனே ஒத்துக்கொள்கிறான். எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரை முதலாம் இடத்துக்குச் சொன்னார். அந்தச் சிங்களப் பையன்தான் முதலில் கைதட்டினான். எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்க வேண்டும்.

நாடகத்துக்கு இடம் கிடைக்கவில்லை, நேரம் மீறிவிட்டதாம். போகட்டும். யோகராஜ் கொழும்புக்குப் போனான். அங்கே பெரிய இடம் ஒன்றும் வரவில்லை, ஆனால் அவன் போன நாளில் பள்ளிக்கூடமே கஹவத்தை பஸ் நிலையத்தில் நின்றது, கண்டக்டர் டிக்கட் காசு வாங்கவில்லை. பிறகு உயர்தரம் பாஸ் பண்ணி இன்றைக்கு அவன் கணக்கு சேர். என் மகள் சிங்களம் படிப்பிக்கிற டீச்சர். ஊர் நினைத்துக் கதை கட்டிய மாதிரி இரண்டு பேருக்கும் இடையில் ஒன்றும் இல்லை. அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகி எனக்குப் பேரப்பிள்ளை இருக்கிறது.

அன்றைக்கு என்னடா நடந்தது என்று யோகராஜிடம் பல தடவை கேட்டுவிட்டேன். "நான் எப்பவும் போலத்தான் ஓடினேங்க. எங்க ஆளுக ஏன் ஒருத்தரும் கைதட்டலன்னுதான் நெனச்சேன். சுகந்தி மட்டும் கத்துச்சு. நம்ம மேல என்ன கோவமோன்னு இருந்துச்சு." இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது.

நாடா, கடிகாரம் எல்லாவற்றுக்கும் நீங்கள் ஒரு காரணம் சொல்லிவிடுவீர்கள். சொல்லுங்கள், நானும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மேசைக்கு முன்னால், பட்டப்பகலில், நான் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பார்த்தது ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் என்னிடம் அளவு இல்லை.

நீங்கள் பார்க்கவில்லை என்பதற்காக அவன் ஓடவில்லை என்று ஆகிவிடுமா என்று கேட்டுவிட்டு, சுகந்தி பதிலுக்கு நிற்கவில்லை. வலது பக்கம் திரும்பினாள். அங்கே யாரும் இல்லை. தன்னைவிட உயரமான ஆளுக்கு எட்டுகிற மாதிரி குதிகாலை உயர்த்தி, சேலை முந்தானையை எடுத்து, வெறும் காற்றில் நெற்றியைத் துடைத்தாள், கன்னத்தைத் துடைத்தாள், பிடரியை அழுத்தித் துடைத்தாள். பிறகு முந்தானையை விரித்து நடுவருக்கு முன்னால் மேசையில் வைத்தாள். அது வியர்வையில் நனைந்திருந்தது, நடுவில் மதனுடைய ரோஸ் அரிதாரம் ஒட்டியிருந்தது.