அக்காவுக்கு ஒன்றரை மூட்டை

லாரிகளை ஏற்றி எடை பார்க்கும் மேடையில் இருபது வருஷத்துக்கும் மேலாக உட்கார்ந்திருப்பவரை ஊரார் தராசு என்று கூப்பிடுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்த மாத்திரத்தில் அவர் மனசுக்குள் ஒரு எடை வரும். பிறகு இயந்திரம் அதையே கொஞ்சம் தாமதமாகச் சொல்லும். இந்தத் திறமை லாரிகளோடு நின்றிருந்தால் குடும்பத்தில் நிம்மதி இருந்திருக்கும். மனைவி புது உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால், நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு முன் ஒரு நொடி தயங்குவார். அந்த நொடியில் அவருக்குள் என்ன ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியும். எடையில் கிராம் பிசகாத மனிதர், பேச்சில் டன் கணக்கில் பிசகுவார்.

அவரிடம் ஒரு பெரிய வண்டி இருந்தது. மூன்று வரிசை இருக்கை, ஏறுவதற்குப் படி, பின்னால் ஒரு குடும்பத்தின் பெட்டி படுக்கையெல்லாம் அடங்குகிற இடம். யாரோ ஓட்டிச் சலித்ததை வாங்கியிருந்தார். மூணு பேர் இருக்கிற வீட்டுக்கு இது எதற்கு என்று மனைவி கேட்டாள். மூணு பேர் என்று யார் சொன்னது, எதிர்வீட்டில் அக்காவும் மாமாவும் இல்லையா என்று திருப்பிக் கேட்டார். காலி வண்டி என்பது அவரைப் பொறுத்தவரை பாதி வண்டிதான். மேடைக்கு எந்த லாரியாவது காலியாக வந்து போனால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. வண்டி என்றால் உள்ளே ஆள் இருக்க வேண்டும். முக்கியமாக, கடைசி வரிசையில் இடது பக்கம் அக்கா இருக்க வேண்டும். கதவு சாத்தியதிலிருந்து இறங்குகிற வரை யார் வீட்டுக் கதையையாவது சொல்லி, வழி தவறினால் ஓட்டுகிறவரைத் திட்டி, வழி தவறாவிட்டாலும் திட்டி வருகிற அக்கா.

அந்த இருக்கைதான் இப்போது மூன்று மாதமாகக் காலி.

நடந்தது இதுதான். அக்கா மகனுக்குப் பெண் பார்த்து முடிவாகி, புது சம்பந்திகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த நாள். பின்சக்கரக் குலுக்கலைத் தாங்க வேண்டிய ஷாக் அப்சார்பர்கள், பட்டறை பாஷையில் ஷாக்குகள், எண்ணெய் கசிந்து எப்போதோ செத்துப்போயிருந்தன. ஒரு பள்ளத்தில் இறங்கியதும் வண்டியின் பின்பாதி ஊஞ்சல் கட்டிக்கொண்டு ஆடியது. அக்காவின் தலை கூரையில் இடித்தது. என்னடா வண்டி வச்சிருக்க என்று அக்கா கேட்டாள். வண்டியைக் குறை சொன்னதும் தராசுக்குள் இருந்த உத்தியோகஸ்தர் விழித்துக்கொண்டார்.

“வண்டி மேல தப்பு இல்லக்கா. பின்னாடி லோடு ஜாஸ்தி. நீ கொஞ்சம் நடுவுல நகர்ந்து உக்காந்தா இடது பக்கம் சாயாது.”

சம்பந்தியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார். அது இருமல் இல்லை என்று வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

அக்கா அதற்குப் பிறகு அந்த வண்டியில் கால் வைக்கவில்லை. பேச்சை நிறுத்தினாள் என்று நினைத்துவிடக் கூடாது. எதிர்வீட்டிலிருந்து காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை வந்து, தம்பி வீட்டுத் திரைச்சீலை முதல் தம்பியின் தலைமுடி வரை குறை சொல்லிவிட்டுத்தான் போனாள். வண்டி விஷயம் மட்டும் தனி. குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் அவள் பஸ்ஸில் போனாள். போனதோடு விட்டாளா, இவர்களுக்கு முன்னால் போய் இறங்கி, வாசலில் நின்று, இப்பத்தான் வரீங்களா என்று வேறு கேட்டாள்.

இப்படியே போயிருக்கும். ஆனால் மகளுக்கு மலையடிவாரத்துக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை விடுதியில் கொண்டுபோய் விட வேண்டும். அத்தை பஸ்ஸில் வந்தால் நானும் பஸ்ஸில்தான் வருவேன் என்று மகள் சொல்லிவிட்டாள். மனைவியும் பஸ் பக்கம் சாய்ந்தாள். மாமா எப்போதுமே பெரும்பான்மையின் பக்கம். ஆக, அவ்வளவு பெரிய வண்டியில் இரண்டு பெட்டியையும் ஒரு தலையணையையும் ஏற்றிக்கொண்டு, மகளை விடப்போகும் தகப்பன் தன்னந்தனியாக மலையடிவாரம் வரை ஓட்ட வேண்டும். காலி வண்டி.

மன்னிச்சுக்கக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். மனைவியும் அதைத்தான் சொன்னாள். ஆனால் வாயால் கெட்டதை வாயாலேயே சரிசெய்யப் போய் இன்னும் கெட்டுவிட்டால் என்ன செய்வது? தராசு இரும்பை நம்பினார். உதிரிபாகக் கடைக்குப் போய், கம்பெனி ஷாக்கை விடக் கனமான, வெளிச்சந்தை ஷாக் இரண்டு வாங்கினார். பளபளவென்று நீல வண்ணம். பூட்டித் தரட்டுமா என்று பக்கத்துப் பட்டறை மெக்கானிக் கேட்டார். எப்படி முடுக்குவீங்க என்று தராசு கேட்டார்.

இங்கே ஒரு சின்ன விளக்கம் தேவைப்படுகிறது. ஷாக்கின் இரண்டு முனையிலும் ஒரு வளையம், அதற்குள் புஷ் எனப்படும் ரப்பர் உறை, அதன் நடுவே போல்ட். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை முழுசாக முடுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவருக்கு அளவெடுத்துச் சட்டை தைத்த மாதிரி. ஆகவே வண்டி தரையில், தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி முடுக்கு. மெக்கானிக்கும் அதையே சொன்னார். சொன்னதோடு, காலி வண்டி தரையில் நின்றால் போதும் என்றும் சொன்னார். அந்த இடத்தில் தராசு பணிவாக விடைபெற்றுக்கொண்டார். காலி வண்டியின் உயரம் எப்படி இந்த வண்டியின் உயரம் ஆகும்? இது வாழ்வது ஆட்களோடு அல்லவா? உலகத்து மெக்கானிக்குகள் அத்தனை பேரும் ஒரு பக்கம் நின்றாலும் அவர் இந்தப் பக்கம்தான் நின்றிருப்பார்.

சனிக்கிழமை காலையில் வாசலில் வேலை ஆரம்பித்தது. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரும்பு முக்காலிகளில் நிறுத்தி, அச்சுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்தார். உதவிக்கு மாமா. மாமா ஓய்வுபெற்ற தபால்காரர், எதையும் உரிய இடத்தில் சேர்ப்பதில் சமர்த்தர், ஸ்பானர்களைத் தவிர. பழைய ஷாக்கின் மேல் போல்ட் துருவில் ஊறிக்கிடந்தது. எண்ணெய் விட்டு, தட்டி, கெஞ்சி, கடைசியில் நீளமான குழாயை ஸ்பானரில் மாட்டித் தொங்கியதும் ஒரு முனகலோடு கழன்றது. வெளியே எடுத்த ஷாக்கை அமுக்கினால் உள்ளே போய் அப்படியே படுத்துக்கொண்டது. எழுந்திருக்கும் உத்தேசமே இல்லை.

புது ஷாக் வேறு ஜாதி. அமுக்கிப் பட்டை போட்டுக் கட்டி அனுப்பியிருந்தார்கள். பட்டையை வெட்டியதும் அது யாரும் தொடாமலே, அவசரமில்லாமல், மரியாதையாக நீண்டு எழுந்தது. மாமா இரண்டு அடி பின்வாங்கினார். பிறகு முன்னால் வந்து, திரும்ப அமுக்கிப் பார்த்தார். அது திரும்ப எழுந்தது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அமுக்கினாள். மகள் அதன் மேல் தன் எடை முழுவதையும் போட்டுச் சாய்ந்து, அதோடு மெதுவாகக் கீழே போய், சட்டென்று விலகி, அது தலைதூக்குவதைப் பார்த்துக் கைதட்டினாள். பாலிடெக்னிக்கில் படித்ததெல்லாம் மறந்துபோன வயதில் இருந்த தராசும் தன் பங்குக்கு நாலு தடவை அமுக்கினார். பூட்டுவதற்கு எடுத்த நேரத்தை விட அமுக்குவதற்கு எடுத்த நேரம் அதிகம். எதிர்வீட்டு மாடி ஜன்னலில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் மடித்த துணிகளைப் பார்த்தால் தெருவுக்கே சலவை அவள் வீட்டில்தான் என்று தோன்றும்.

இரண்டு ஷாக்கையும் பூட்டி, போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி, வண்டியைத் தரையில் இறக்கினார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் முட்டுக் கொடுத்தார். பிறகு குடும்பத்தை ஏறச் சொன்னார்.

எங்கே போகிறோம் என்று மனைவி கேட்டாள். எங்கேயும் இல்லை, அவரவர் இடத்தில் உட்காருங்கள், முடுக்கி முடிக்கிற வரை என்றார். மாமா முன்னால் ஏறினார். மனைவியும் மகளும் நடு வரிசையில். தராசு கீழே படுக்கப் போகிறார், ஆகவே ஓட்டுநர் இருக்கையில் அவருக்குப் பதிலாக ஆள் வேண்டும். அதையும் யோசித்து வைத்திருந்தார். மேடைக்கு வருகிற லாரிக்காரர் ஒருவரிடம் கேட்டு வாங்கிய கோழித்தீவன மூட்டைகள் வாசலில் தயாராக இருந்தன. ஒன்றைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் வைத்து பெல்ட் போட்டார். உங்களை விட இது எவ்வளவோ தேவலை, குறுக்கே பேசாது என்றாள் மனைவி.

கடைசி வரிசை இடது பக்கத்துக்கு ஒன்றரை மூட்டை. முழு மூட்டையை வைத்து, அதன் மேல் அரை மூட்டையைத் தலை மாதிரி நிறுத்தி, அதற்கும் பெல்ட் போட்டார். மூட்டை இடது பக்கம் சரிந்து ஜன்னலில் முகம் வைத்துக்கொண்டது. நேராக்கினார். திரும்பவும் சரிந்தது.

அவர் வண்டிக்கு அடியில் தலையை விட்ட நேரத்தில் செருப்புச் சத்தம் தெருவைக் கடந்து வந்தது. வேகத்தைக் கேட்டே யாரென்று தெரிந்துகொண்டார். நகரவில்லை.

“எல்லாரும் எங்க கிளம்பிட்டீங்க?” என்றாள் அக்கா.

“எங்கேயும் இல்ல அத்தை. சும்மா உக்காந்திருக்கோம்,” என்றாள் மகள். “ஷாக்குக்கு எங்க எடை வேணுமாம்.”

“முன்னாடி என்ன மூட்டை?”

“அது அப்பா.”

அக்கா கொஞ்ச நேரம் ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தாள். பிறகு கடைசி ஜன்னலைப் பார்த்தாள்.

“அது?”

மாமா தன் மனைவி முகத்தைப் பார்க்காமல் இருக்கும் பொருட்டு முன் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தார். பொய் சொல்லத் தெரியாத வயதில்லை மகளுக்கு. ஆனால் பொய் சொல்கிற மாதிரியான விஷயமாகவும் அது இல்லை.

“அது நீங்க, அத்தை.”

வண்டிக்கு அடியில் தராசு கண்ணை மூடிக்கொண்டார். சம்பந்தி முன்னால் வாயால் சொன்னதை இப்போது தெரு முன்னால் மூட்டை கட்டிக் காட்சிக்கு வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“அவனுக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணரை,” என்றாள் அக்கா. குரல் அமைதியாக இருந்தது. அதுதான் பயம். “கோழித்தீவனம். டேய், வெளிய வாடா.”

தலை மட்டும் வெளியே வந்தது. மூக்கில் கிரீஸ்.

“அக்கா... நீ இல்லாத வண்டில எந்த உயரத்துல முடுக்குறதுன்னு எனக்குத் தெரியலக்கா.”

வாழ்நாளில் அவர் பேசியவற்றில் சரியாக எடை போட்ட ஒரே வாக்கியம் இதுவாக இருக்கலாம். ஆனால் அதை அவர் எடை போட்டுப் பேசவில்லை. அக்கா குனிந்து ஜன்னல் வழியாக மூட்டையை உற்றுப் பார்த்தாள்.

“இது சாயுதுடா,” என்றாள். “ஒரு மூட்டைக்கு நேரா உக்காரத் தெரியல. இதைப் போய் நான்னு வச்சிருக்க. எடு அதை.”

மாமா இத்தனை வருஷத்தில் காட்டாத வேகத்தில் இறங்கி அந்த ஒன்றரை மூட்டையையும் வெளியே தூக்கிப் போட்டுவிட்டுத் தன் இடத்தில் ஏறிக்கொண்டார். அக்கா படியில் கால் வைத்தாள். வண்டி ஓடவில்லை, ஓடாத வண்டியில் ஏறுவது ஏறுவதாகாது என்று தெருவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு ஏறினாள். இடது பக்கம், கடைசி. இருக்கையில் சிந்தியிருந்த தீவனத்தைத் தட்டிவிட்டு, முதுகைப் பலகை மாதிரி நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

பிறகு சும்மா இருப்பாளா? மூன்று மாதப் பாக்கி இருந்தது. பஸ்ஸில் பார்த்தவர்கள், பஸ்ஸில் கேட்டவை, பஸ்ஸில் ஒருவர் தூக்கத்தில் இவள் தோளில் சாய்ந்து எழுந்து மன்னிப்புக் கேட்டு மறுபடியும் சாய்ந்தது என்று தொடங்கினாள். நடு வரிசையில் முதலில் மனைவி சிரித்தாள். மகளைத் தொற்றிக்கொண்டது. மாமாவின் சிரிப்பு எப்போதும் சத்தமில்லாதது, வயிறு மட்டும் குலுங்கும். ஆனால் குலுங்குகிற வயிறு கணிசமானது. வண்டி மேலும் கீழும் அசைந்தது.

கீழே தராசு, குறிப்பிட்ட இறுக்கம் வந்ததும் டிக் என்று சொல்லுகிற ஸ்பானரை முதல் போல்ட்டில் மாட்டிக்கொண்டு காத்திருந்தார். முகத்துக்கு மேலே நீல ஷாக் ஏறி இறங்கியது.

“கொஞ்சம் சிரிக்காதீங்க,” என்று கத்தினார். “உயரம் மாறுது.”

மேலே சிரிப்பு வெடித்தது. இதுவரை சிரித்தது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. மகள் இருக்கையிலிருந்து வழுக்கிக் கால் வைக்கும் இடத்துக்கே வந்துவிட்டாள். அக்காவின் குதிகால் தரைத் தகட்டில் டம் டம் என்று இடிக்கும் ஓசை தராசின் நெற்றிக்கு நேர் மேலே கேட்டது. அதற்கு நடுவே அவள் குரல், மூச்சு வாங்க, தகட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கியது.

“டேய்... லோடு சிரிக்குதுடா. நீ பாட்டுக்கு முடுக்கு.”

தராசு முடுக்கினார். டிக். கண்ணில் ஏதோ விழுந்திருக்க வேண்டும், புறங்கையால் துடைத்ததில் கிரீஸ் காது வரை போயிற்று. அவரும் சிரித்துக்கொண்டிருந்ததால் ஸ்பானர் நடுங்கியது. மிச்சப் போல்ட்டுகள் எந்த உயரத்தில் இறுகின என்று கடவுளுக்கும் தெரியாது. சிரிக்கிற குடும்பத்தின் சராசரி உயரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளியே வந்து, முடிந்தது, இறங்கலாம் என்றார். யாரும் இறங்கவில்லை. முன்பக்கம் இருந்த தன் மூட்டையை இறக்கிவிட்டுத் தானே உட்கார்ந்தார். மகள் மட்டும் குதித்திறங்கிச் செங்கற்களை அகற்றிவிட்டு உடனே ஏறிக்கொண்டாள். அக்கா ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டு, ஓட்டு என்றாள்.

தெருமுனையில் நகராட்சி ஒரு வேகத்தடை கட்டியிருந்தது. வேகத்தைக் குறைப்பதை விட எலும்பை முறிக்கிற உயரம். அதை நெருங்கும்போது அக்கா இரண்டு கையாலும் கூரையைப் பிடித்தாள். முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது. அவ்வளவுதான். ஒரு தடவை தலையாட்டிவிட்டு வண்டி தன் வழியே போயிற்று.

“ஏறினியா இல்லையா?”

“தாண்டியாச்சுக்கா.”

அக்கா நம்பவில்லை. திரும்பிப் பின்கண்ணாடியில் பார்த்தாள். தடை பின்னால் இருந்தது. திருப்பு என்றாள். திரும்பி வந்து ஏறினார்கள். இப்போது கையைக் கூரையிலிருந்து எடுத்துவிட்டாள். மறுபடியும் திருப்பச் சொன்னாள். நாலாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு, எப்போது ஏறுகிறது என்று கண்டுபிடிக்கும் போட்டி வைத்தாள். மாமா இரண்டு தடவை தப்பாகச் சொன்னார். இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியைத் துணியிலிருந்து எடுத்துத் தூக்கிப் பிடித்தபடி, இந்தக் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளைக்குக் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்று அக்காவே கேட்டாள். கேட்டதோடு நிபந்தனையும் சொன்னாள். இதே இடம், இதே ஜன்னல். மலையடிவாரம் போய்ச் சேருகிற வரை வண்டிக்குள் யாருடைய எடையைப் பற்றியும் அவன் வாயைத் திறக்கக் கூடாது. பெட்டியின் எடையைப் பற்றிக்கூட. சம்மதமா?

சம்மதம் என்று சொல்ல வாயெடுத்த தராசு, திறந்தால் வேறு ஏதாவதும் சேர்ந்து வந்துவிடும் என்று பயந்து, ஹாரனை அடித்தார்.