சமையலறைக்கு ஒரு ரம்பம்

பொன்மலை ரயில்வே பணிமனையில் சண்முகசுந்தரத்தின் வேலை, பிறர் செய்து முடித்ததைச் சரிபார்ப்பது. கடைசலுக்குப் போய் வந்த சக்கரத்தில் அளவுகோலை வைத்துப் பார்ப்பார். மயிரிழை விலகியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் கையெழுத்துப் போட்டதை யாரும் மறுபடி அளந்ததில்லை. "சுந்தரம் சார் பாத்தாச்சா? அப்பச் சரி" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக்கொண்டே ஓய்வுபெறும் வயதுவரை ஓட்டிவிட்டார்.

அந்தக் குணத்தைப் பணிமனை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் மிக்ஸி கெட்டுப்போனால் புது மிக்ஸி வருவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடும். மகள் இளவேனிலுக்குச் சைக்கிள் வாங்குவதற்காகக் கடை கடையாக ஏறி இறங்கினார். கடைசியில் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தபோது அவள் அதைவிடப் பெரிய சைக்கிளுக்கு வளர்ந்திருந்தாள். மனைவி சித்ராதேவி இதையெல்லாம் சொந்தக்காரர்களிடம் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

ஓய்வுக்குப் பிறகு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், பழைய வீடொன்றின் கீழ்த்தளத்தை வாங்கிக் குடிவந்தார்கள். காற்றும் வெளிச்சமுமாக நல்ல வீடு. சமையலறை மட்டும் மொட்டையாக இருந்தது. ஒரு மேடை, தலைக்கு மேலே ஒரு சிமென்ட் பரண், அவ்வளவுதான். அரிசி டிரம்மும் பருப்பு டப்பாக்களும் மேடைக்குக் கீழே தரையில் கிடந்தன. சித்ராதேவி ஒவ்வொன்றுக்கும் குனிந்து நிமிர்ந்தாள். பெரிய பாத்திரங்களுக்கு ஸ்டூல் போட்டுப் பரணில் ஏற வேண்டும்.

"ஆளைக் கூப்பிட்டா ஒரு வாரத்துல அலமாரி அடிச்சுக் குடுத்துருவாங்க" என்றாள்.

"அவங்க வெட்டுற பிளைவுட் ஓரத்தைப் பாத்திருக்கியா? பிசிறு பிசிறா நிக்கும். உனக்கு நானே செய்றேன். மெஷின் ஒண்ணு வாங்கிட்டாப் போதும்."

அதைக் கேட்டு அவளுக்கு உள்ளூர சந்தோஷந்தான். கோடு போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு மேடையோரம் நின்றாள். அவர் டேப்பைப் பிடித்து அவளுக்கு எட்டும் உயரம், அவள் குனியாமல் இழுக்கும் டிராயரின் உயரம் எல்லாம் அளந்தார். "இன்ச் டேப்பு குளுகுளுன்னு இருக்கு" என்று அவள் கூச்சப்பட்டாள். அது குடிவந்த புதிதில் நடந்தது.

மறுநாளே சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் மாறிப் பாலக்கரைக்குப் போனார். அங்கே காஜா மைதீன் என்பவர் மர வேலைக்கான மெஷின்கள் விற்றார். சண்முகசுந்தரம் கேட்டதையெல்லாம் காஜா மைதீன் பொறுமையாக இறக்கிக் காட்டினார். மேசையிலேயே ரம்பம் பொருத்திய டேபிள் சா, கையில் பிடித்து வெட்டும் சர்க்குலர் சா, வளைவு வெட்டும் ஜிக்சா எல்லாம் மேசைமேல் வந்தன.

"உங்க கொல்லை எவ்ளோ அகலம் சார்?" என்று கேட்டார். சண்முகசுந்தரம் சொன்னதும் தலையை ஆட்டினார். "அப்ப டேபிள் சா வேணாம். முழு பிளைவுட்டை அதுமேல வச்சுத் தள்ளணும்னா முன்னாடியும் இடம் வேணும், பின்னாடியும் இடம் வேணும். இந்தக் கை மெஷினை எடுத்துக்குங்க. நேரான அலுமினியப் பட்டை ஒண்ணு, அதை இறுக்கிப் பிடிக்க கிளாம்பு, பல்லு நெருக்கமா இருக்குற பிளேடு. வீட்டு வேலைக்கு இது தாராளம்."

சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனால் விசாரிக்காமல் வாங்கிப் பழக்கமில்லையே. வீட்டுக்கு வந்து போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினார். ஒருவர் டேபிள் சா இல்லாமல் வேலையே ஓடாது என்றார். இன்னொருவர் அதில் விரலைப் பறிகொடுத்ததைக் காட்டினார். பல் அதிகமானால் வெட்டு வழவழப்பாக இருக்கும், ஆனால் பிளேடு சூடேறும் என்றார்கள். மின்வயர் உள்ளது வாங்கலாம் என்று முடிவு கட்டியபோது பேட்டரியில் ஓடுவது வந்தது. பேட்டரிக்கு மனதைத் தேற்றிக்கொண்டபோது, தூளை உறிஞ்சும் குழாய் வைத்த மாதிரி அடுத்ததாக வரப்போகிறது என்றார்கள். அதற்காகக் காத்திருந்தார். வந்தது. அதன் மூடி சரியில்லை என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

இப்படியே இரண்டு தீபாவளி போனது. பாலக்கரைக் கடையில் அவரைக் கண்டதும் டீ சொல்ல ஆள் போகும். சித்ராதேவி கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். எப்போதாவது, "என்னங்க, எதாவது அமைஞ்சுதா?" என்பாள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கணும்" என்பார். அவள் சரி என்றுவிட்டு அரிசி எடுக்கக் குனிவாள்.

ஆடிப்பெருக்குக்கு முதல் நாள். மறுநாள் ஆற்றுக்கு வரும் சொந்தக்காரர்களுக்குக் கலந்த சாதம் செய்ய வேண்டும். பெரிய தவலை பரணில் இருந்தது. சண்முகசுந்தரம் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"போறதுக்கு முன்னாடி தவலையை இறக்கிக் குடுத்துட்டுப் போங்க."

"மத்தியானத்துக்குள்ள வந்துருவேன், வந்து இறக்கறேன். காஜா பாய் புதுசா ஒண்ணு வந்திருக்குன்னு சொன்னாரு."

கடையில் அந்த மெஷினைக் கையில் வாங்கி எடை பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மேல்வீட்டு கோதையின் குரல் பதறியது.

"மாமா, உடனே கிளம்பி வாங்கோ. சித்ரா மாமி ஸ்டூல்லேர்ந்து விழுந்துட்டா. எழுந்துக்க முடியலை. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன்."

மெஷினை எப்படிக் கீழே வைத்தார் என்று அவருக்கு நினைவில்லை. பஸ் காவிரிப் பாலத்தில் பண்டிகைக் கூட்டத்தில் மாட்டி நின்றது. இறங்கி நடந்தார், பிறகு ஓடினார். கீழே ஆறு நுங்கும் நுரையுமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் சந்து முனைக்கு வந்தபோது அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வலியில் உதட்டைக் கடித்திருந்தவள் அவரைப் பார்த்து, "அடுப்பை அணைச்சேனா பாருங்க" என்றாள்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. தில்லைநகர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. ஓசூரிலிருந்து வந்த இளவேனில், அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போய்த் தேற்றி அனுப்புவதாகச் சொன்னாள். புறப்படும் அன்று சமையலறை வாசலில் நின்று தரையில் கிடந்த டப்பாக்களைப் பார்த்தாள்.

"அப்பா, இன்னும் எந்த மெஷின்னு பாத்துட்டுதான் இருக்கீங்களா?"

குரலில் கோபமே இல்லை. அவர் குனிந்து ஒரு டப்பாவை எடுத்து மேடைமேல் வைத்தார்.

அவர்கள் போன மறுநாள் பாலக்கரைக்குப் போனார்.

"அம்மாவுக்கு எப்படி இருக்கு சார்?"

"தேவலை பாய். ஒரு மெஷின் குடுங்க."

"எது சார்?"

"முதல் தடவை நீங்க எடுத்துக்கச் சொன்னீங்களே, அது."

"அது இப்ப வர்றதில்லையே. அதுக்கு அடுத்தது இருக்கு, பிரிச்சுக் காட்டட்டுமா?"

"வேணாம். அதையே கட்டிக் குடுங்க."

வழக்கமான டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பட்டை, கிளாம்பு, பிளேடு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி எல்லாம் ஒரு சாக்குப் பைக்குள் அடங்கிவிட்டன.

கொல்லையில் பெஞ்சு போட்டு, பிளைவுட்டின் நல்ல பக்கத்தைக் கீழே வைத்து, பட்டையை இறுக்கி, மெஷினை ஓட்டினார். கிளாம்பு ஒன்று நழுவி, முதல் பலகை கோணலாகப் போனது. இரண்டாவது நேராக வந்தது, ஆனால் ஓரத்தில் பிசிறு நின்றது. இத்தனை நாள் எதை நினைத்துப் பயந்தாரோ அதே பிசிறு. உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, ஓரத்தில் ஒட்டும் பட்டையைச் சூடு காட்டி ஒட்டினார். ஒட்டிய பிறகு பிசிறு இருந்த இடமே தெரியவில்லை. பலகையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

கார்த்திகைக்குள் வேலை முடிந்தது. அவள் உயரத்துக்கு அளந்து வைத்த அளவுகளிலேயே செய்தார். கீழே இழுப்பறைகள், மேலே கதவு வைத்த அலமாரிகள். பரணை அடியோடு காலி செய்தார்.

தை பிறந்து சித்ராதேவி வந்தாள். வாக்கரைத் தூக்கி வைத்துத் தூக்கி வைத்து சமையலறைக்குள் நுழைந்தாள். ஒரு டிராயரை இழுத்தாள். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள்.

மேல் அலமாரியைத் திறக்க ஒரு கையை எடுத்தாள். உடம்பு சாய்ந்தது. அவர் பாய்ந்து பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்துக்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் மேடை நெஞ்சுக்கு மேலே வந்தது.

"எல்லாத்தையும் இறக்கிச் சின்னதா வெட்டி மாட்டிடறேன், சித்ரா. ரெண்டே நாள்தான்."

"வேணாங்க. நின்னு சமைக்கப்போறது நீங்கதானே. உங்களுக்கு எட்டினாச் சரி."

அப்படித்தான் ஆகிவிட்டது. அவர் சமைக்கிறார். அவள் வாசற்படியோரம் நாற்காலியில் உட்கார்ந்து புளியின் அளவும் உப்பின் அளவும் சொல்கிறாள். கோதை வந்தால், "மாமா கையால பண்ணின அலமாரி, எவ்ளோ அழகு!" என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

ஒருநாள் காலை ரசத்துக்குத் தக்காளியை நசுக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"அன்னைக்கே ஆளை வச்சு முடிச்சிருந்தா, நீ ஸ்டூல்ல ஏறியே இருக்க மாட்டே, இல்ல?"

அவள் கறிவேப்பிலையை உருவிக்கொண்டிருந்தாள். அதெல்லாம் இல்லைங்க, விதி என்று ஏதாவது சொல்வாள் என எதிர்பார்த்தார். எத்தனையோ தடவை அவரை அப்படித் தப்பவிட்டவள்.

"ஆமா" என்றாள்.

பிறகு கறிவேப்பிலைத் தட்டை அவர் பக்கம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.